பத்து எடை கேட்டால் பத்து ‘நன்’ (None) வருகிறது

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செம்பனைக் குலை லாரிகளின் எடையை அப்பா இன்னமும் நோட்டில்தான் எழுதுகிறார். அதைப் பைதான் என்ற நிரல்மொழிக்கு மாற்றப் பார்க்கிறேன். மொத்த எடையிலிருந்து காலி லாரியின் எடையைக் கழிக்க ஒரு ஃபங்ஷன். ஃபார் லூப்பில் அதைப் பத்து முறை அழைத்து, விடையை அப்பெண்ட் போட்டு லிஸ்டில் சேர்க்கிறேன். திரையில் 8420, 7960 என்று எண்கள் அழகாக ஓடுகின்றன. லிஸ்டைப் பார்த்தால் பத்தும் ‘நன்’, அதாவது ‘ஒன்றுமில்லை’!

ஃபங்ஷனின் கடைசி வரியில், விடையைத் திரையில் மட்டும் காட்டும் பிரிண்டை, விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் ஆக்கினேன். கையோடு, பார்வைக்கு நன்றாக இருக்கட்டுமே என்று வெற்று லிஸ்டையும் லூப்புக்குள் நகர்த்திவிட்டேன். இப்போது கடைசி லாரி மட்டும் நிற்கிறது, ஒன்பது லாரிகளைக் காணவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் லிஸ்ட் புதிதாகப் பிறப்பதுதான் வினையா? லூப்பையே லிஸ்டின் அடைப்புக்குறிக்குள் எழுதும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனில் இதை ஒரே வரியில் எழுத முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பா நோட்டை மூடவே மாட்டேன் என்கிறார்.