மலைக் குதிரையைக் கீழே இறக்கினேன், கடிவாளம் போட்டாலே தலையை ஆட்டுகிறது. வெயிலா, வாரா?

பள்ளங்கி சவாரி:
எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கினால் யாராவது வந்து வயசு என்ன, தீனி என்ன என்று முதலில் இருந்து கேட்பீர்கள்.

என்னிடம் ஒரு பெண் குதிரை இருக்கிறது. ஒன்பது வயது, செவலை நிறம், பெயரும் செவலைதான். உயரம் 13 கை (ஒரு கை நாலு அங்குலம்). கொடைக்கானல் ஏரியைச் சுற்றி டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த குதிரை, இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கினேன். மேலே இருந்தவரை ஒரு தொந்தரவும் கிடையாது. ஏரி ஒரு ரவுண்டு ஐந்து கிலோமீட்டர் வரும், மூச்சு வாங்காமல் இரண்டு ரவுண்டு போகும். இந்த ஏப்ரலில் ஆயக்குடிப் பக்கம் மாமா தோப்பில் இரண்டு மாதம் தங்கவேண்டி வந்ததால், விட்டுவிட்டு வர மனசில்லாமல் பிக்கப்பில் ஏற்றி, பெருமாள்மலை வழியாகப் பழனி ரோட்டில் இறக்கிக் கூட்டி வந்துவிட்டேன்.

பத்து நாள் ஆகிறது. காலை ஏழரைக்கு ஏறுகிறேன். கால் மணி நேரம் ஒழுங்காக நடக்கிறது, அப்புறம் தலையை மேலும் கீழும் ஆட்ட ஆரம்பிக்கிறது. இறங்கியதும் என் தோளில் நெற்றியை வைத்துத் தேய்க்கிற தேய்ப்பில் நான் விழாத குறை. நேற்றுக் கடிவாளத்தைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், இரண்டு காதுக்கும் பின்னால் விரல் அகலத்துக்கு முடி கொட்டி, தோல் சிவந்து, தொட்டால் வெடுக்கென்று இழுக்கிறது.

கடிவாளம் புதிது. வெயிலில் ஓட்டப்போகிறோமே, குதிரைக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று ஆன்லைனில் நல்ல தோலாகப் பார்த்து வாங்கினேன். தலைக்கு மேல் வரும் வாருக்கு உள்ளே மெத்தை, மூக்குவாருக்கு வெள்ளை ரோமம். 3,800 ரூபாய். மாமா என்னடா என்றால், "பூம்பாறையில் பூண்டு மூட்டை சுமக்கிற குதிரைக்கு எந்த மெத்தை இருக்கிறது" என்று சிரிக்கிறார்.

வெயிலுக்கு எந்த மாதிரிக் கடிவாளம் நல்லது? பிட் (வாய்க்குள் வரும் இரும்பு) இல்லாததாகவே மாற்றிவிடலாமா? எத்தனை மணிக்கு ஏறுவது?

ஃபெர்ன்ஹில் சைஸ்:
தங்கச்சி, வெயிலுக்குப் பயந்துதான் கிண்டியில் இருந்து ரேஸ் குதிரைகளை வருஷா வருஷம் ஏப்ரலில் ஊட்டிக்கு ஏற்றுவார்கள். நான் அந்த வேலையில் சைஸாக, அதாவது குதிரை பார்க்கும் ஆளாக, பதினொரு சீசன் இருந்தவன். 2024ல் அரசு ரேஸ்கோர்ஸ் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதோடு அது முடிந்தது, அது வேறு கதை. ஊரெல்லாம் குதிரையை மேலே ஏற்றும் மாசத்தில் நீ கீழே இறக்கியிருக்கிறாய்!

சரி, நடந்தது நடந்துவிட்டது. முதலில் அதன் முடியைப் பார். மலையில் குளிர்காலம் கழித்த குதிரை, கம்பளி போர்த்திய மாதிரி முடி வைத்திருக்கும். அது கொட்டி முடிவதற்குள் பழனி வெயிலில் நிற்கிறது. தினமும் ரப்பர் பிரஷ் போட்டு உதிர்த்துவிடு, ரொம்ப அடர்த்தி என்றால் கிளிப்பர் வைத்துக் குறைத்துவிடு. புது வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், பத்து நாளில் மேலே போன வேகத்தை எதிர்பார்க்காதே.

ஏழரை மணி லேட். ஐந்தரைக்கு ஏறி ஆறரைக்குள் இறங்கிவிடு. தார் ரோடு வேண்டாம், வாய்க்கால் ஓரம் மண் பாதையில் போ. வேலை முடிந்த சூட்டில் தண்ணீர் மட்டும் காட்டிவிடாதே, அரை மணி கழித்துக் கொடு, வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். கடிவாளத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதே, ஒரு துளை தளர்த்திவிடு.

வத்தலக்குண்டு வார்:
நான் மாட்டுக்கும் குதிரைக்கும் வார் தைப்பவன். மேலே அண்ணன் சொன்ன ஒரு துளை தளர்த்துவது இதற்கு உதவாது என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புண் எங்கே இருக்கிறது என்று சொன்னீர்கள்? காதுக்குப் பின்னால். அங்கே வலித்தால் முக்கால்வாசி நேரம் குற்றவாளி காதுக்குப் பின்னால் தலைக்கு மேல் போகும் தலைவார் இல்லை, காதுக்கு முன்னால் நெற்றியில் வரும் நெற்றிவார். நெற்றிவார் கட்டையாக இருந்தால் அது தலைவாரை முன்பக்கமாக இழுத்துக் காதின் அடியில் கொண்டுபோய் நிறுத்தும். கன்னத்தில் இறங்கிப் பிட்டைப் பிடிக்கும் கன்னவாரை நீங்கள் எத்தனை துளை தளர்த்தினாலும் அந்த இழுப்பு மாறாது, பிட் வாய்க்குள் கீழே இறங்குவதுதான் மிச்சம்.

ஒரு காரியம் செய்யுங்கள். கடிவாளத்தை எடுத்துவிட்டு, ஒரு நூலை ஒரு காதின் பின்னால், தலைவார் உட்காரும் இடத்தில் பிடித்து, நெற்றி வழியாக மறு காதின் பின்னால்வரை கொண்டுபோங்கள். அந்த நீளத்தை நெற்றிவார் நீளத்தோடு வைத்துப் பாருங்கள். வார் அதைவிட ஒரு விரலாவது தாராளமாக இருக்கவேண்டும். நீங்கள் வாங்கியது போனி (குட்டை ரகக் குதிரை) சைஸ்தானே? 13 கை உயரம் என்றதும் கடைக்காரர்கள் போனி சைஸைத்தான் அனுப்புவார்கள். நம் மலைக் குதிரைக்கு உயரம்தான் கம்மி, நெற்றி அகலம், தாடை கனம். உயரத்தைப் பார்த்துக் கடிவாளம் வாங்குவது, ஆளின் உயரத்தைச் சொல்லிச் செருப்பு வாங்குவது மாதிரி.

மற்ற இடங்களையும் விரலால் பாருங்கள். மூக்குவார் கன்ன எலும்பு மேட்டுக்கு இரண்டு விரல் கீழே இருக்கவேண்டும், அதற்கும் கீழே போனால் மூக்கெலும்பு மெலிந்துபோகும் நுனியில் உட்காரும். இறுக்கத்தை மூக்கின் பக்கவாட்டில் பார்க்காதீர்கள், அங்கே சதை விட்டுக்கொடுக்கும், உங்களுக்குத் தளர்வாக இருப்பதுபோல் தெரியும். மூக்கின் மேல் எலும்பில் இரண்டு விரல் நுழையவேண்டும். சர்வதேசப் போட்டிகளிலேயே 2025ல் இருந்து இதை அளக்க ஒரு கருவி வைத்துவிட்டார்கள், அவ்வளவு பேர் இறுக்கிக் கட்டுகிறார்கள். தொண்டைவாருக்குள் நான்கு விரலை நிமிர்த்தி நுழைக்க இடம் வேண்டும்.

மெத்தை விஷயம். மெத்தை கெட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் சைஸ் சரியில்லாத கடிவாளத்தில் மெத்தை வைத்தால், சின்னச் செருப்புக்குள் தடிச் சாக்ஸ் போட்டு நுழைப்பதுதான். அந்த வெள்ளை ரோமத்தை இன்றே கழற்றுங்கள். ஊட்டிக் குளிருக்கு அது சரி. கீழே அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, உப்பும் தூசியும் ஏறி, இரண்டே நாளில் உப்புத்தாளாகத் தேய்க்கும்.

தோல், நைலான் இரண்டில் எது என்றால், என் தொழிலுக்காகச் சொல்லவில்லை, தோல்தான். தோப்பில் மட்டையிலோ வேலியிலோ மாட்டினால் தோல் அறுந்துபோகும், நைலான் அறாது, குதிரையின் கழுத்தை அறுக்கும். பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட வார் இப்போது வருகிறது, கழுவ லேசு, ஆனால் அதுவும் லேசில் அறாது, அதனால் தலைவாரை மட்டுமாவது தோலில் வைத்துக்கொள்ளவேண்டும். கான்பூர் தோல் சரக்கிலேயே நல்லதும் உண்டு, அட்டையை ஒட்டி வைத்ததும் உண்டு. மடக்கிப் பாருங்கள், மேலே வெடிப்பு விழுந்தால் வாங்காதீர்கள்.

குன்னூர் ஓய்வு:
கால்நடைத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். வார் தைப்பவர் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. சைஸ் தம்பி சொன்ன தண்ணீர் விஷயத்தில்தான் சண்டை.

வேலை முடிந்த குதிரைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, சூட்டு உடம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் என் தாத்தா காலத்தில் இருந்து கேட்கிறேன். இரண்டுமே தப்பு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் அந்த ஊர் வெக்கையில் நடக்கப்போகிறது என்றதும் இதைத் தீவிரமாக ஆராய்ந்தார்கள். ஐஸ் போட்ட தண்ணீரை ஊற்றியும் குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை, சூடுதான் வேகமாக இறங்கியது. இறங்கியதும் குடிக்க விடுங்கள். உடம்பு முழுக்க, குறிப்பாகக் கழுத்து, நெஞ்சு, தொடையின் உள்பக்கம், வாளி வாளியாக ஊற்றுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி நிறுத்தாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும்.

குதிரை வியர்வை நம் வியர்வை மாதிரி இல்லை. அதன் ரத்தத்தைவிட உப்பு அதிகம், கூடவே சோப்பு நுரை மாதிரி பொங்கவைக்கும் ஒரு புரதமும் இருக்கிறது. வார் உரசும் இடத்தில் வெள்ளை நுரை நிற்பது அதனால்தான். மலையில் அது வியர்த்ததே கம்மி, அங்கே கட்டையான நெற்றிவாரைப் போட்டிருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்காது. கீழே உப்பும் ஈரமும் சேர்ந்ததும் பத்தே நாளில் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆகவே உங்கள் தலைப்புக் கேள்விக்குப் பதில், இரண்டும்தான் அம்மா. தினமும் இரண்டு ஸ்பூன் உப்பு தீனியில் கலந்து வையுங்கள், பக்கத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கவேண்டும். ஒரு நாளைக்கு 40 லிட்டருக்கு மேல் குடித்தாலும் பயப்படாதீர்கள்.

ஏறலாமா வேண்டாமா என்பதற்கு ஒரு கூட்டல் கணக்கு உண்டு. ஃபாரன்ஹீட் வெப்பத்தோடு ஈரப்பத சதவீதத்தைக் கூட்டுங்கள். 130க்குள் என்றால் கவலை இல்லை, 150 தாண்டினால் ஜாக்கிரதை, 180 என்றால் குதிரையை நிழலில் விட்டுவிட்டு நீங்களும் போய்ப் படுங்கள். ஆனால் இதில் ஒரு ஓட்டை. விடியற்காலை வெப்பம் குறைவு, ஈரப்பதம் கூடுதல். பத்து மணிக்கு அப்படியே தலைகீழ். கூட்டினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கும். தலைக்கு மேல் அடிக்கும் வெயில் அந்தக் கணக்கிலேயே இல்லை. அதனால் ஐந்தரை மணி என்று தம்பி சொன்னதுதான் சரி. கொடைக்கானல் மேகமூட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பயந்துகொண்டிருக்காதீர்கள்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, நூல் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஆசனவாயில் வைத்துப் பார்க்கவேண்டும். சும்மா நிற்கும்போது 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். சவாரி முடிந்து 39 இருந்தால் பரவாயில்லை. 40 ஆகி, தண்ணீர் ஊற்றியும் கால் மணி நேரத்தில் இறங்காவிட்டால், அல்லது வெயிலில் வேலை செய்தும் வியர்வையே வராவிட்டால், ஊற்றுவதை நிறுத்தாமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு போன் போடுங்கள்.

அப்புறம், புண் ஆறும்வரை எந்தக் கடிவாளமும் வேண்டாம். உப்புத் தண்ணீரில் கழுவி, ஈ மொய்க்காமல் பாருங்கள். முடி கொட்டிய இடம் வட்ட வட்டமாகச் செதில் தட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். அப்படியே வாயைத் திறந்து பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு பல் சில குதிரைகளுக்கு இருக்கும், பிட் போய் அதில் இடித்தாலும் இப்படித்தான் தலையை ஆட்டும்.

வெள்ளகெவி சுமை:
எங்கள் ஊருக்கு நெடுங்காலம் ரோடு இல்லை, அரிசி, சிமெண்ட் எல்லாம் குதிரை முதுகில்தான் வரும். எதற்கும் வாயில் இரும்பு கிடையாது, தலைக்கயிறுதான். ஆனால் உங்கள் மாமா சொல்கிற மாதிரி ஒன்றும் ஆகாது என்பது பொய். மெல்லிய நைலான் கயிறு கட்டி மூக்கின் மேல் பள்ளம் விழுந்த குதிரையை நானே பார்த்திருக்கிறேன். நாங்கள் பருத்திக் கயிறு, பெருவிரல் கனம், தங்கும் இடத்தில் எல்லாம் அவிழ்த்துவிடுவோம். அக்கா, பிட் இல்லாமல் ஓட்டுவதென்றால் முதலில் வேலி போட்ட இடத்தில் பழக்குங்கள். பக்கவாட்டில் நீட்டுக் கம்பி வைத்த ஒன்று விற்கிறார்கள், நெம்புகோல் மாதிரி மூக்கையும் தாடையையும் நசுக்கும், பிட் இல்லை என்பதால் அது மெத்து என்று ஏமாந்துவிடாதீர்கள்.

ஃபெர்ன்ஹில் சைஸ்:
தண்ணீர் விஷயத்தில் ஐயா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஜமேதார் (சைஸ்களுக்கு மேஸ்திரி) சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன், இத்தனை வருஷம் எத்தனை குதிரையைத் தாகத்தில் நிறுத்தினேனோ.

பள்ளங்கி சவாரி:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

நூல் வைத்துப் பார்த்தேன். காதில் இருந்து காதுக்கு 38 சென்டிமீட்டர், நெற்றிவார் 35. வாரை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், காதடியில் பட்ட இரண்டு மூலையிலும் செவலையின் முடி மெழுகில் ஒட்டினாற்போல அப்பிக்கிடந்தது, சுற்றிலும் உப்பு பூத்து வெள்ளை வரி. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இதை மாட்டிவிட்டுத்தான் பத்து நாள் "என்னடி உனக்கு" என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வந்து பார்த்தார், படர்தாமரை இல்லை, அந்தச் சின்னப் பல்லும் இல்லை, மேல் கடைவாய்ப் பல் மட்டும் ஓரம் கூராக இருந்தது, ராவிவிட்டார். பதினாறு நாள் ஏறவே இல்லை. பருத்திக் கயிறைக் கட்டிக் காலையில் வரதமாநதி அணைப் பக்கம் நடத்திக் கூட்டிப்போனேன், அது பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டு வரும், நான் வேர்த்து வழிந்துகொண்டு போவேன். முடியையும் கிளிப்பர் போட்டுக் குறைத்தாயிற்று, இரண்டு சாக்கு நிறைந்தது, மாமா அதைத் தென்னைக்கு உரமாகப் போட்டுவிட்டார்.

புதுக் கடிவாளம் வாங்கவில்லை. நெற்றிவாரை மட்டும் 40 சென்டிமீட்டரில், மெத்தை இல்லாமல், ஒரே தோலில் தைத்து வாங்கினேன், ரோமத்தைக் கழற்றிவிட்டேன். நேற்று முதல்முறையாகப் போட்டு ஏறினேன். ஐந்தரைக்கு ஏறி ஆறேகாலுக்கு இறங்கினேன், தலையாட்டம் இல்லை. ஒரே ஒரு தடவை ஆட்டியது, அது ஈ. இறங்கியதும் ஈரத்துணியால் வாரின் உள்பக்கத்தைத் துடைத்து நிழலில் தொங்கவிட்டேன்.

தோளில் தேய்ப்பது மட்டும் நிற்கவில்லை. அது பழக்கம்தானா, இல்லை இன்னும் எங்கேயாவது உறுத்துகிறதா என்று தெரியவில்லை. வார் அண்ணா, தலைவாரை நடுவில் கொஞ்சம் அகலமாக்கி, காது வரும் இரண்டு இடத்தில் மட்டும் வளைவாக வெட்டித் தைக்க முடியுமா? வருகிற சனிக்கிழமை வத்தலக்குண்டு வழியாகத்தான் வருகிறேன்.

வத்தலக்குண்டு வார்:
முடியும். சனிக்கிழமை காலையில் கூட்டமாக இருக்கும், பதினோரு மணிக்கு மேல் வாருங்கள். நூல் அளவு போதாது. ஒரு பழைய நியூஸ்பேப்பரைக் காதுக்குப் பின்னால் அழுத்தி, காதின் அடி எங்கே வருகிறதோ அங்கே பேனாவால் வரைந்து, அதைக் கொண்டு வாருங்கள்.