ஆய்வகத்துக்கு இணையதளம் அமைத்தவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

ஆய்வு மாணவி, நான்காம் ஆண்டு

எங்கள் ஆய்வகத்தின் இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. "உனக்குத்தான் கம்ப்யூட்டர் நன்றாக வருமே" என்றார் நெறியாளர். நான் படிப்பது நுண்ணுயிரியல்.

பழைய தளத்தைத் திறந்தேன். முகப்பில் மைக்ரோஸ்கோப் படங்கள் தாமாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 5 எம்பி. 'புதிய செய்திகள்' பகுதியில் இருந்த கடைசிச் செய்திக்கு வயது நான்கு. 'தற்போதைய உறுப்பினர்கள்' ஏழு பேர். அவர்களில் ஐந்து பேரை நான் பார்த்ததே இல்லை. என் பெயரைக் காணவில்லை.

இரண்டு வாரம் வண்ணமும் எழுத்துருவும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு வேறு துறையில் இருக்கும் தோழியிடம் காட்டினேன். கைப்பேசியில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. இவர்கள் என்னதான் ஆராய்கிறார்கள்?" என்று கேட்டாள். முதல் வரி இப்படி இருந்தது: 'நுண்ணுயிர்ச் சமூகங்களின் பல்பரிமாண இயங்கியல் குறித்த ஒருங்கிணைந்த அணுகுமுறை.'

அன்று இரவே மாற்றி எழுதினேன்: 'குழாயின் உட்புறத்தைத் தடவினால் வழுவழுப்பாக ஒரு படலம் கையில் ஒட்டும். பாக்டீரியாக்கள் கூடிக் கட்டிக்கொண்ட வீடு அது. அந்த வீட்டுக்குள் இருக்கும் வரை அவற்றை மருந்து எளிதில் கொல்வதில்லை. ஏன் என்று தேடுகிறோம்.' நெறியாளர் அந்த வரிகளை மூன்று முறை அடித்துத் திருப்பித் தந்தார். "பள்ளிக்கூடக் கட்டுரை போல இருக்கிறது" என்றார். கடைசியில் என் வரிகள் மேலே, அவருடைய வரி கீழே என்று சமாதானம் ஆனது.

'சேர விரும்புவோருக்கு' என்று ஒரு பக்கமும் சேர்த்தேன். இடம் காலியாக இருக்கிறதா, உதவித்தொகை எங்கிருந்து வருகிறது, கடிதத்தில் என்ன எழுத வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன் வந்த கடிதங்கள் எல்லாம் 'தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்' என்றே தொடங்கும். நாற்பது ஆய்வகங்களுக்கு ஒரே கடிதம். அண்மையில் ஒரு மாணவர் "அந்த வீட்டை முதலில் கட்டத் தொடங்குவது எந்த பாக்டீரியா?" என்று கேட்டு எழுதியிருந்தார். நெறியாளர் அன்றே பதில் போட்டார்.

ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தவர்

என் கதை கொஞ்சம் அவமானமானது. நாங்கள் எழுதிய மென்பொருளையும் தரவையும் தளத்தில் வைத்து, அந்த முகவரியை ஆய்விதழ்க் கட்டுரையிலும் அச்சிட்டோம். சர்வர் என்பது என் மேசைக்கு அடியில் இருந்த ஒரு பெட்டி. நான் கிளம்பிய பிறகு மேசையை நகர்த்தியவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் "உங்கள் இணைப்பு வேலை செய்யவில்லை" என்று எழுதும் வரை யாருக்கும் தெரியாது. அச்சான கட்டுரையில் முகவரியை எப்படித் திருத்துவது?

இப்போது தரவு என்றால் நேரே ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியம்தான். செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு அமைப்பு 2013 முதல் நடத்துகிறது, டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணும் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டுரையில் அந்த எண்ணைத்தான் கொடுக்கிறேன்.

தளத்தையே வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் வைத்திருந்த காலமும் உண்டு. அதில் சேர்த்த செருகுநிரல்களை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) யாரும் புதுப்பிக்கவில்லை; அந்த ஓட்டை வழியே யாரோ புகுந்துவிட்டார்கள். ஒரு நாள் ஆய்வகத்தின் பெயரைத் தேடினால் மாத்திரை விளம்பரம் வந்தது. ஹியூகோ, ஜெக்கில் போன்ற கருவிகளில், சர்வரில் நிரல் எதுவும் ஓடத் தேவையில்லாத வெறும் நிலைப்பக்கங்களாகக் கட்டி, கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை, செலவும் இல்லை. ஆனால் அதற்குப் பயன்படும் கிட் என்ற, கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருள் தெரியாத பேராசிரியரால் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. நமக்குப் பின் அங்கே இருக்கப்போகிறவர் கைக்கு எது வருமோ அதைத் தேர்ந்தெடுங்கள். டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, மாணவரின் சொந்த மின்னஞ்சலில் பதியாதீர்கள். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

திரைவாசிப்பானில் படிப்பவர்

சுருக்கமாகச் சொல்கிறேன். திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டும். ஒரு ஆய்வகத்தின் கட்டுரைப் பட்டியல் முழுவதும் ஒரே படமாக இருந்தது. என் காதில் விழுந்தது: "படம். ஐஎம்ஜி 4032." படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு விவரிப்பு, எழுதுங்கள். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தெரியலாம்; மங்கலான பார்வை உள்ளவர்களுக்கு அது வெறும் காகிதம். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்று, தளங்களை எல்லாரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதலே சொல்கிறது.

ஒரு நெறியாளர்

மூன்று முறை அடிக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன்தான், அம்மா. என்னுடைய எல்லாக் கட்டுரைகளையும் தளத்தில் வரிசையாக அடுக்கச் சொன்னவன். இப்போது முழுப் பட்டியலுக்கு, ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்சிட் தளத்துக்கு ஓர் இணைப்பு. தளத்தில் ஐந்தே கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். அந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்கத்தான் ஒரு மாதம் ஆனது. நேர்காணலுக்கு வரும் மாணவர்கள் விசாரிப்பது வேறு பக்கத்தைப் பற்றி: 'முன்னாள் உறுப்பினர்கள் இப்போது எங்கே'.

ஆய்வு மாணவி, நான்காம் ஆண்டு

டொமைன் பற்றிப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. தேடிப் பார்த்தேன். நான் பார்த்தே இராத அந்த ஐந்து பேரில் ஒருவர் பெயரில் இருக்கிறது. அடுத்த மாதம் காலாவதி. அவருடைய பழைய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. 'இப்போது எங்கே' பக்கத்தை இன்றே தொடங்குகிறேன், ஐயா. முதல் பெயர் அவருடையதுதான்.