சுமோ 'ஹேயா'வுக்குத் தமிழ்ச்சொல்: அவசரம்

அனைவருக்கும் வணக்கம். சுமோ பற்றிய ஆவணப்படத்துக்குத் துணைவரி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். மல்லர்கள் ஓர் ஆசானின் கீழ்ச் சேர்ந்து வாழும் இடம் ஜப்பானியத்தில் ஹேயா. நேர்ப்பொருள் 'அறை'. ஆங்கில 'stable' வழியே வந்த பழைய வரைவில் 'லாயம்' என்றிருக்கிறது! திரையில் இடம் குறைவு, சின்னச் சொல்லாகத் தாருங்கள்.

மறுமொழி:
'பயிற்சிப் பள்ளி' போதுமே. யாருக்கும் புரியும்.

மறுமொழி:
> யாருக்கும் புரியும்
தப்பாகப் புரியும். பள்ளி பிடிக்காவிட்டால் வேறு பள்ளி பார்க்கலாம். இங்கே மல்லன் தன் விருப்பத்துக்கு ஹேயா மாற முடியாது. விடியலில் வெறும் வயிற்றோடு பயிற்சி. அப்புறம் தரவரிசையில் மேலே இருப்பவர்கள் முதலில் சாங்கோ நபே என்ற குழம்புச் சட்டி உணவைச் சாப்பிட, இளையவர்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவார்கள். வீட்டை நடத்துவது ஆசானின் மனைவி. ஒரே ஹேயாக்காரர்களை வழக்கமான ஆட்டங்களில் மோதவிடுவதில்லை. 1995 நவம்பரில் ஒரே ஹேயாவைச் சேர்ந்த அண்ணன் வாகானோஹானாவும் தம்பி தகானோஹானாவும் மோதியது, இருவரும் சமநிலையில் முடித்துக் கோப்பைக்குக் கூடுதல் ஆட்டம் வந்ததால்தான். இது குடும்பம் ஐயா. மல் + மனை = மன்மனை.

மறுமொழி:
புணர்ச்சி சரி, கல் + மலை கன்மலை ஆவதுபோல. ஆனால் மன்னன் மனை என்றல்லவா படிப்பார்கள்? ஆமூர் மல்லனை வீழ்த்திய சோழன் கிள்ளியைப் புறநானூறு 'போரவைக்கோ' என்கிறது. 'போரவை' ஆயத்தமாக இருக்கிறதே! மல், வல், மாமல்லன் எல்லாம் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. விரிவாக எழுதுகிறேன்.

மறுமொழி:
விரிவாக வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை கெடு. அவை கூடிக் கலையும் இடம். 'மல்லகம்' எனலாம். தனிக்குறில்முன் ஒற்று இரட்டியிருக்கிறது, அகத்துக்கு வீடென்ற பொருளும் உண்டு.

மறுமொழி:
நூலகம், உணவகம், இப்போது மல்லகமா? பலகை மாட்டிய கடைபோல இருக்கிறது. என் சொல் 'மற்குடி'. டெவனோஉமி ஹேயாவிலிருந்து பிரிந்து தனி ஹேயா வைக்கக்கூடாது என்று நெடுங்கால மரபு. 1967இல் முன்னாள் யோகோசுனா (உச்சத் தர மல்லர்) சியோனோயாமா அதை மீறிக் கொகொனோயே ஹேயா தொடங்கினார். பல ஹேயாக்கள் சேர்ந்த டெவனோஉமி அணியை விட்டே வெளியேறி, தகாசகோ அணியில் சேர நேர்ந்தது. கூடப் போன மல்லர் கிதானோஃபூஜி அந்த மார்ச்சிலேயே கோப்பையும் வென்றார். இதைப் 'பள்ளி மாறினார்' என்றா எழுதுவீர்கள்? குடி பிரிந்த கதை இது.

மறுமொழி:
'குடி' என்று திரையில் வந்தால் சாராயக் கடைதான் ஞாபகம் வரும். சுமோவை அப்படியே விட்டோம், ஹேயாவையும் விடுவோம்.

மறுமொழி:
விடலாம்தான். ஆனால் முன்னால் பெயர் சேர்ந்தால் ஒலி மாறி 'டெவனோஉமி பேயா' ஆகிவிடும். தமிழில் படித்துப் பாருங்கள்.

மறுமொழி:
நன்றி. நான்கு பேர் மல்லகம் என்றார்கள், அதையே போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுமொழி:
மற்குடிக்காரனின் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எல்லா ஹேயாவும் இச்சிமோன் எனப்படும் ஐந்து அணிகளுக்குள் அடக்கம். படத்தில் அது வந்தால் என்ன போடுவீர்கள், மல்லகக் கூட்டமைப்பா?