பிஸ்டல் வேண்டுமா, இரண்டு மேகசின் வேண்டுமா?

மூட்டைதூக்கி:
பக்கத்துத் திரியில் உருவியவாள் எழுதியதைப் படித்தீர்களா? "பிஸ்டல் இல்லாமல் சண்டைக்குப் போகும் காலாட்படை வீரன் பாதி வீரன்தான், ஆளுக்கொன்று கொடுத்தே ஆக வேண்டும்" என்கிறார். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. தூக்கிப் பார்த்தவர் யாராவது இப்படி எழுதுவார்களா? குண்டு நிரப்பிய கிளாக் 17 பிஸ்டல் சுமார் 900 கிராம். 5.56 மி.மீ. ரைஃபிளின் 30 தோட்டா மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) நிரம்பினால் கிட்டத்தட்ட அரை கிலோ. அதாவது ஒரு பிஸ்டலுக்கு இரண்டு மேகசின். 17 தோட்டாவுக்காக 60 தோட்டாவை முகாமில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். அதுவும் 50 மீட்டர் தாண்டினால் யாருக்கும் உருப்படியாகப் படாத 17 தோட்டா.

உருவியவாள்:
என் பெயரைச் சொல்லித் தனித் திரி திறந்ததற்கு நன்றி. ஏற்கெனவே 7 மேகசின், 210 தோட்டா சுமப்பவனுக்கு எட்டாவதும் ஒன்பதாவதும் எதற்கு? ரைஃபிள் சிக்கிக்கொண்டு எதிரி பத்தடியில் நிற்கும்போது பையில் இருக்கும் அறுபது தோட்டாவை எடுத்து அவன் மேல் வீசுவீர்களா? ஸ்டெப்னி இல்லாமல் லாரி எடுக்கிறவர் போலப் பேசாதீர்கள். பிரிட்டிஷ் ராணுவம் 2013-இல் பழைய பிரௌனிங் ஹை-பவர் பிஸ்டலைத் தூக்கிப் போட்டுவிட்டு 25,000 கிளாக் வாங்கியது. அவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்களா?

கணக்குப்பிள்ளை:
900 கிராம் என்பதில் உறை சேர்ந்திருக்கிறதா?

மூட்டைதூக்கி:
சேரவில்லை. சேர்த்தால் இன்னும் மோசம். உறை ஒன்று, உபரி மேகசின் இரண்டு என்று வைத்துக்கொண்டால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். அப்போது இரண்டு மேகசின் இல்லை, மூன்று. 90 தோட்டா! உருவியவாள் ஐயாவுக்காக இரக்கப்பட்டுத்தான் குறைத்துச் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை:
உபரி மேகசின் ஏன் இரண்டு? தற்காப்புக்கான துப்பாக்கிக்கு ஒன்று போதுமே. உறையும் தொடையில் கட்டுவதா, மார்பில் கட்டுவதா என்பதைப் பொறுத்து எடை மாறும். மூன்று என்பது மிகை. இரண்டரை என்று சொல்லலாம்.

வேடிக்கை பார்ப்பவன்:
ஒரு சின்ன சந்தேகம். காலாட்படை வீரன் என்றால் யாரைச் சொல்கிறோம்? ரைஃபிள்காரனையா, இயந்திரத் துப்பாக்கிக்காரனையா, குழுத் தலைவனையா? இயந்திரத் துப்பாக்கி தூக்குகிறவனுக்குப் பல படைகளில் பிஸ்டல் கொடுக்கிறார்களே. அவன் துப்பாக்கியைச் சட்டென்று திருப்ப முடியாது, தோட்டா பெல்ட் மாற்றவும் நேரமாகும் என்பதால்தானே?

மூட்டைதூக்கி:
இரண்டரை மேகசின் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. அரை மேகசினை எங்கே வாங்குவீர்கள் கணக்குப்பிள்ளை?

ஏட்டுச்சுரைக்காய்:
எல்லோரும் எடையிலேயே நிற்கிறீர்கள். வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். 1918 அக்டோபர் 8, பிரான்சின் ஆர்கான் காடு. ஆல்வின் யார்க் என்ற அமெரிக்கக் கார்ப்பரல். ஆறு ஜெர்மானியர்கள் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு அவரை நோக்கி ஓடி வந்தார்கள். அவர் .45 கோல்ட் பிஸ்டலை எடுத்துக் கடைசியில் வந்தவனில் தொடங்கி முன்னால் வந்தவன் வரை வரிசையாகச் சுட்டார். பின்னால் இருப்பவன் விழுந்தது முன்னால் ஓடுகிறவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. அன்று முடிவில் 132 பேர் சிறைப்பட்டார்கள். அந்தப் பிஸ்டல் இல்லையென்றால் யார்க் அங்கேயே போயிருப்பார்.

உருவியவாள்:
கேட்டீர்களா மூட்டை அண்ணே? யார்க்கிடம் போய்ச் சொல்லுங்கள், பிஸ்டலைப் போட்டுவிட்டு இரண்டு மேகசின் எடுத்து வரச் சொல்லி.

மூட்டைதூக்கி:
யார்க்கை இழுப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். இந்தப் பேச்சில் யாரைத் தொட்டாலும் கடைசியில் யார்க்தான் வருவார். அவர் கையில் இருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற பூட்டுக் கம்பியைக் கையால் இழுக்க வேண்டிய ரைஃபிள். ஒரு தடவைக்கு ஐந்தாறு குண்டுதான் உள்ளே போகும். இன்றைக்கு எம்4 ரைஃபிள் வைத்திருப்பவன் 30 குண்டை விரல் அசைத்தே சுடுவான், அவனுக்கு எதற்கு .45? நூறு வருஷத்துக்கு முந்தைய போல்ட் ரைஃபிளுக்கான மருந்தை இன்றைய வீரனுக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள். அப்புறம் இன்னொன்று. யார்க்கின் ரைஃபிள் அந்த நேரத்தில் காலியாகவும் இல்லை. பாதி குண்டு உள்ளே இருந்தது என்று அவர் நாட்குறிப்பிலேயே இருக்கிறது.

ஏட்டுச்சுரைக்காய்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! குண்டு இருந்தும் பிஸ்டலை எடுத்தார் என்றால் கிட்டத்தில் பிஸ்டல்தான் வேகம் என்று அர்த்தம்.

மூட்டைதூக்கி:
இல்லை. போல்ட் ரைஃபிளைவிட வேகம் என்று அர்த்தம்.

உருவியவாள்:
சரி, பழைய கதை வேண்டாம். 2004 நவம்பர், ஈராக்கின் ஃபலூஜா. வீட்டுக்குள் நடந்த சண்டையில் உடம்பெல்லாம் ரத்தமாக இருவர் தோளில் சாய்ந்து வெளியே வரும் அமெரிக்க மரைன் பிராட்லி கசலின் படத்தை உலகமே பார்த்தது. கையில் என்ன இருந்தது? பெரெட்டா பிஸ்டல். அது எம்4 காலம்தானே? வியட்நாமில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் எதை எடுத்துப் போனார்கள்? டார்ச்சும் கைத்துப்பாக்கியும். அந்தப் பொந்துக்குள் ரைஃபிளைத் திருப்பிப் பாருங்கள்.

மூட்டைதூக்கி:
கசல் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட். கம்பெனி என்ற படைப்பிரிவில் அதிகாரி அல்லாதவர்களிலேயே மூத்த ஆள். அவரிடம் பிஸ்டல் இருந்ததால் கடைசி வரிசை ரைஃபிள்காரனுக்கும் வேண்டும் என்பது என்ன கணக்கு? சுரங்கத்தில் இறங்கியவன் பிஸ்டலை முதல் ஆயுதமாகத்தான் எடுத்துப் போனான், உபரியாக இல்லை. நீங்கள் சொல்லும் ஒரு உதாரணத்தில்கூட முதுகில் மூட்டையோடு மலை ஏறுகிற சாதாரண வீரன் இல்லை. அவனுக்கு வேண்டியது தண்ணீர், தோட்டா, பேட்டரி. இந்த மூன்றும் போக மிச்சம் இருந்தால் பிஸ்டலைப் பற்றிப் பேசலாம். மிச்சம் இருக்காது, தம்பி.

உருவியவாள்:
தம்பி என்று கூப்பிடும் வேலையை இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். போன தடவை தலைக்கவசத் திரியிலும் இப்படித்தான், பதில் இல்லாதபோது தம்பி போட்டீர்கள்.

மூட்டைதூக்கி:
தலைக்கவசத் திரியில் பாதியில் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் என்னை அண்ணே என்றீர்கள், நான் தம்பி என்றேன். முறை சரியாகத்தானே இருக்கிறது?

வேடிக்கை பார்ப்பவன்:
இயந்திரத் துப்பாக்கிக்காரனைப் பற்றிக் கேட்டிருந்தேன்...

கணக்குப்பிள்ளை:
தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. அந்தக் கணக்கில் பிஸ்டல் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை வரும், உறையையும் உபரி மேகசினையும் பொறுத்து.

ஏட்டுச்சுரைக்காய்:
எடையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவருக்கு ஒன்று. அமெரிக்காவே 1941-இல் எம்1 கார்பைனைக் கொண்டு வந்தது, பிஸ்டல் வைத்திருந்த பின்னணி வீரர்களுக்கு அதைவிட நன்றாகச் சுடக்கூடிய இலகுவான துப்பாக்கி வேண்டும் என்று. எடை சுமார் இரண்டரைக் கிலோ. அறுபது லட்சத்துக்கு மேல் தயாரித்தார்கள்.

மூட்டைதூக்கி:
அய்யா, இது எனக்குச் சாதகமான உதாரணம்! பிஸ்டலால் யாரையும் அடிக்க முடியவில்லை என்றுதான் கார்பைனே வந்தது. நீங்கள் எந்தப் பக்கம்? பெயருக்கேற்ற மாதிரியே வேலை செய்கிறீர்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
நான் உண்மையின் பக்கம். பெயரை வைத்துக் கிண்டல் செய்வது வாதம் ஆகாது. அப்படிப் பார்த்தால் மூட்டை தூக்குகிறவருக்கு ஒரு கிலோ அதிகம் என்று அழுகை எதற்கு?

மூட்டைதூக்கி:
ஒரு கிலோ இல்லை, ஒன்றரை. உறையோடு. எத்தனை தடவை சொல்வது? ஒன்றரைக் கிலோ பிஸ்டல் எதற்கு? 9 மி.மீ. குண்டின் சக்தி சுமார் 500 ஜூல், 5.56-க்கு அது 1,700 பக்கம். மெல்லிய குண்டு துளைக்காத உடுப்பே பிஸ்டல் குண்டை நிறுத்திவிடும். பயிற்சி இன்னொரு பக்கம். ரைஃபிளையே வருஷத்தில் சில நாள்தான் சுட விடுகிறார்கள், அதில் பிஸ்டலுக்கு நேரம் எங்கே? பயிற்சி இல்லாதவன் இடுப்பில் பிஸ்டல் வைத்தால் முதலில் ஓட்டை விழுவது அவன் தொடையில்தான்.

உருவியவாள்:
பயிற்சி கொடுக்காதது பிஸ்டலின் தப்பா? நீங்கள் தொடையில் சுட்டுக்கொள்வீர்கள் என்பதற்காக ஊரில் யாரும் வைத்துக்கொள்ளக்கூடாதா? எம்17 பிஸ்டல் வந்த பிறகு அமெரிக்க ராணுவமே சிறு குழுத் தலைவன் வரை பிஸ்டலை இறக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. மூட்டை அண்ணன் இங்கே உட்கார்ந்து உறையை எடை போட்டுக்கொண்டிருக்கிறார்.

மூட்டைதூக்கி:
குழுத் தலைவன் வரை. நீங்கள் சொன்னது ஆளுக்கொன்று. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?

கணக்குப்பிள்ளை:
எம்17 கிளாக்கைவிடக் கனம். முதல் பதிவில் சொன்ன 900 கிராம் இதற்குப் பொருந்தாது. திருத்துங்கள்.

மூட்டைதூக்கி:
எதையும் திருத்த முடியாது. கனம் என்றால் என் வாதத்துக்குத்தான் நல்லது.

ஏட்டுச்சுரைக்காய்:
ஒரு விஷயம் விட்டுப்போனது. யார்க் கையில் இருந்தது போல்ட் ரைஃபிள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பித்துவிட்டீர்கள். அது ஸ்பிரிங்ஃபீல்டு 1903.

மூட்டைதூக்கி:
எம்1917 என்ஃபீல்டு. அவர் இருந்த 82-வது டிவிஷனுக்குக் கொடுத்தது அதுதான்.

ஏட்டுச்சுரைக்காய்:
கொடுத்தது அதுவாக இருக்கலாம். அவர் மாற்றிக்கொண்டார் என்று ஒரு தரப்பு சொல்கிறதே.

மூட்டைதூக்கி:
எந்தத் தரப்பு? இதற்கு நாளைக்குத் தனித் திரி போடுகிறேன், அங்கே வாருங்கள். உருவியவாள் வர வேண்டாம்.

உருவியவாள்:
கண்டிப்பாக வருவேன்.