மார்கன் டாலர் கிரேடிங்குக்கு அனுப்பலாமா? அனுபவஸ்தங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், ஒரு மார்கன் சில்வர் டாலர் (பழைய அமெரிக்க வெள்ளிக் காசு) கைக்கு வந்திருக்கு, 1893 எஸ், அதாவது சான் ஃபிரான்சிஸ்கோ மின்ட்ல அடிச்சது, அடையாளமா காசுல ஒரு 'எஸ்' இருக்கும். இந்த வருஷத்து எஸ் மின்ட்ல மொத்தமே 1,00,000 தான் அடிச்சாங்க, அதனால சாதா 1893 காயின்ல ஒரு 'எஸ்' ஒட்டி விக்கிற டூப்ளிகேட் நிறைய சுத்துது, அதான் பயமே. வெயிட் 26.7 கிராம் வருது, ஓகே, ஆனா ஒட்டு வேலைன்னா வெயிட் சரியாத்தானே காட்டும்! ஒரிஜினல்ல, காசுல இருக்கற 'லிபர்ட்டி'ங்கற வார்த்தையில வர்ற 'டி' எழுத்தோட தலையில மெல்லிசா ஒரு கோடு மேடா தெரியணும், லூப்ல (சின்ன பூதக்கண்ணாடி) பாத்தா இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு, தேய்மானம் வேற.

காயினை சோதிச்சு கிரேடு (தரம்) போட்டுத் தர்ற கம்பெனிங்க பிசிஜிஎஸ், என்ஜிசி ரெண்டுல இதுக்கு எது பெட்டர்? இன்னொரு டவுட், காயின் சந்தேகத்துக்கு இடமா பளபளன்னு இருக்கு, யாரோ முன்னாடியே தேச்சு கழுவியிருப்பாங்க போல. அப்படின்னா 70 வரைக்கும் போற ஸ்கேல்ல நம்பர் தராம 'டீடெயில்ஸ்'னு போட்டு அனுப்பிடுவாங்கன்னு தெரியும். அப்படி வந்தாலும் ஒரிஜினல்னு உறுதியாயிடும், எனக்கு அது போதும், ஆனா பின்னாடி விக்கறப்போ டீடெயில்ஸ் ஸ்லாப்னா (ஸ்லாப்னா அவங்க சீல் பண்ணித் தர்ற பிளாஸ்டிக் கேஸ்) விலையை ரொம்ப அடிச்சு கேப்பாங்களா?

நேரா அனுப்பினீங்களா, இல்ல டீலர் மூலமாவா? இன்சூரன்ஸ், கஸ்டம்ஸ் எப்படி சமாளிச்சீங்க? பிவிசி கவர்ல போடக்கூடாதுன்னு தெரியும், அதுக்கு பதிலா மைலார் ஃப்ளிப் (காசு போட்டு வைக்கிற வேற வகை பிளாஸ்டிக் உறை) வாங்கிட்டேன். 'நானே வாங்கிக்கறேன்'னு இன்பாக்ஸ்ல வராதீங்க ப்ளீஸ், விக்கற ஐடியா இப்ப இல்ல. போட்டோ கமெண்ட்ல போடறேன்.