கணுக்காலில் சின்னதாக ஒரு டாட்டூ, எந்த டிசைன் என்று குழப்பம்

மழைக்கால்மேகம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வயது 27, சென்னையில் வேளச்சேரி, ஐடி வேலை. டாட்டூ போட வேண்டும் என்று இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இந்தத் தீபாவளி போனஸ் வந்ததும் போட்டே தீருவது என்று முடிவு. வலது கணுக்காலில், வெளிப்பக்கம், எலும்புக்குக் கொஞ்சம் மேலே. பெரிதாக எதுவும் வேண்டாம். கலர் வேண்டாம், நிழல் வேண்டாம், மெல்லிய கறுப்புக் கோடு மட்டும், ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்க வேண்டும்.

மூன்று யோசனை வைத்திருக்கிறேன். ஒன்று, ஒரே கோட்டில் ஒரு கடல் அலை. இரண்டு, அம்மாவின் பெயர், தமிழரசி, தமிழிலேயே, குட்டி எழுத்தில் (அவர் பெயரையே போட்டால் திட்டமாட்டார் என்று ஒரு நப்பாசை). மூன்று, பாட்டி வாசலில் போடும் நான்கு புள்ளிச் சிக்குக்கோலம். செல்போனில் 300 படமாவது சேர்த்து வைத்திருப்பேன், பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. போட்டவர்கள் சொல்லுங்கள், எது நிற்கும், எது பார்க்க நன்றாக இருக்கும்? வலி பற்றியும் சொல்லலாம், பயப்படமாட்டேன். கொஞ்சம் பயப்படுவேன்.

சோடாக்கலர்:

நான் 2018-இல் போட்டேன், இதே கணுக்கால், இதே வெளிப்பக்கம். மூன்று குருவிகள், ஒவ்வொன்றும் ஒரு வெந்தயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. போட்ட அன்றைக்கு எடுத்த படத்தில் அவ்வளவு அழகு. இன்றைக்கு அது மூன்று குருவி என்று நான் சொன்னால்தான் தெரியும். போன மாதம் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "கால்ல மை பட்டிருக்கு பாரு பாப்பா" என்று முந்தானையால் துடைக்கவே வந்துவிட்டார்.

அதனால் நான் சொல்வது, நீ சேர்த்து வைத்த 300 படமும் போட்ட அன்றைக்கே, பக்கத்தில் வைத்து எடுத்த படம். ஐந்து வருஷம் கழித்து எடுத்த படமாகத் தேடிப் பார். இன்னொன்று, கணுக்காலை யாரும் கண்ணருகே வைத்துப் பார்ப்பதில்லை. நின்றுகொண்டு பார்க்கிறவருக்கு அது ஐந்து அடி கீழே இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைத் தரையில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார், அதற்குள் இருக்கும் எழுத்து தெரிகிறதா என்று.

வலி கேட்டாய் அல்லவா. சதை இருக்கும் இடத்தில் ரப்பர் பேண்ட் சுண்டுவது மாதிரிதான். எலும்பின் மேல் வந்ததும் அந்த மெஷின் அதிர்வு முழங்கால் வரை போகும், பல் டாக்டரிடம் போனது ஞாபகம் வரும். ஆனால் சின்னதுதானே, இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும்.

கட்டைவண்டி:

அம்மா பெயரைக் காலில் குத்திக்கொண்டு போய் அம்மாவிடமே காட்டப்போகிறீர்களா? வீடியோ எடுத்துப் போடுங்கள், பார்க்க ஆவல்.

ஊசியும்மையும்:

ஓ.எம்.ஆர். பக்கம் டாட்டூ கடை வைத்திருக்கிறேன், பன்னிரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. கடைப் பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும், வேண்டாம்.

சோடாக்கலர் தங்கச்சி சொன்னது சரி, ஏன் அப்படி ஆகிறது என்று மட்டும் சொல்கிறேன். தோலில் மேலே இருக்கும் அடுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும், அதனால் மை அதற்குக் கீழே உள்ள அடுக்கில் போய் உட்கார வேண்டும், மொத்தமே ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழம். மேலேயே நின்றால் சில வாரத்தில் காணாமல் போகும். கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளே பரவி, கோட்டைச் சுற்றி நீலமாக மேகம் போட்ட மாதிரி ஆகிவிடும். கணுக்காலில் தோல் மெல்லிசு, கீழேயே எலும்பு, அதனால் கை கொஞ்சம் தவறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். கை சரியாக இருந்தாலும் எந்தக் கோடும் வருஷம் போகப் போகக் கொஞ்சம் தடிக்கும். அது தோலின் குணம். ஆகவே மெல்லிய கோட்டு டிசைனில் முதலில் பார்க்க வேண்டியது கோட்டை அல்ல, இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தை. அந்த இடம் இரண்டு மில்லிமீட்டராவது இருந்தால்தான் நான் ஊசியைத் தொடுவேன்.

இதை வைத்து உங்கள் மூன்றையும் பார்ப்போம். "தமிழரசி" நாணயத்துக்குள் நடக்காது. நம் எழுத்து எல்லாமே சுழி. மி-யில் ஒரு கொக்கி, சி-யில் ஒரு கொக்கி, ழ-வின் கீழே ஒரு சுழிப்பு, எல்லாம் நாலைந்து வருஷத்தில் அடைத்துக்கொண்டு பொட்டு பொட்டாக நிற்கும். இங்கிலீஷில் கோடு கோடாக இருக்கும் எழுத்து தாங்குகிற சைஸை நம் எழுத்து தாங்காது, குறைந்தது இரண்டு மடங்கு வேண்டும். தமிழ் எழுத்து கேட்டு வருகிறவர்களை நான் முன்கைக்கோ தோள்பட்டைக்கோ அனுப்பிவிடுவேன். அலை நிற்கும், குறையே இல்லை, ஆனால் வாரத்துக்கு மூன்று அலை போடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கோலம் நல்ல யோசனை, ஆனால் ஐந்து ரூபாய் நாணயம் அளவாவது, முடிந்தால் அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போகட்டும். புள்ளியைச் சுற்றிக் காற்று இருக்க வேண்டும்.

இடம்: எலும்புக்கு இரண்டு விரல் மேலே. குதிகாலை நோக்கிக் கீழே இறங்கினால் செருப்பு வார், ஷூ விளிம்பு எல்லாம் உரசி மை திட்டுத்திட்டாகப் போய்விடும். கொலுசு போடுகிறவரா? கொலுசு எங்கே விழுகிறது என்று பார்த்து அதற்கு மேலே வையுங்கள், ஆறும் வரை அந்தக் காலில் கொலுசு வேண்டாம். ஸ்டென்சில் (குத்துவதற்கு முன்னால் டிசைனைத் தோலில் பதிக்கிற தாள்) ஒட்டும்போது நீங்கள் நேராக நின்றுகொண்டு ஒட்டச் சொல்லுங்கள். படுத்த நிலையில் ஒட்டினால் எழுந்து நின்றதும் தோல் திரும்பிக் கோலம் சாய்ந்துவிடும், இதைப் பல பேர் கவனிப்பதில்லை.

ஊசி உங்கள் கண் முன்னால் உறையைக் கிழித்து எடுக்க வேண்டும், மை சின்ன மூடியில் புதிதாக ஊற்ற வேண்டும், மீதி குப்பைக்குப் போக வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ஊசி வழியாக வருகிற விஷயம், இதைக் கேட்பதற்குக் கூச்சப்படவே கூடாது. கேட்டால் முகம் சுளிக்கிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உடம்பில் எங்காவது காயம் பட்டு, தழும்பு மேடாக வளர்ந்திருக்கிறதா? காது குத்திய இடத்தில்? அப்படி இருந்தால் முதலில் தோல் டாக்டரைப் பாருங்கள், எங்களை அப்புறம் பார்க்கலாம்.

திண்டுக்கல்_அத்தை:

நான் டாட்டூ போட்டதில்லை, என் அம்மாச்சி போட்டிருந்தார். இரண்டு முன்கையிலும் கோலம், ஒரு தேள், கணுக்காலுக்கு மேலே மூன்று புள்ளி. அப்போது டாட்டூ என்று யார் சொன்னார்கள், பச்சை குத்துவதுதான். குறத்தியம்மா ஊருக்குள் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு குத்துவாராம், வலி தெரியாமல் இருக்கப் பாடிக்கொண்டே குத்துவாராம், கூலி நெல்லோ பழைய சேலையோ. மஞ்சளையும் அகத்திக்கீரையையும் துணியில் வைத்துத் திரியாகச் சுற்றி, விளக்கெண்ணெயில் எரித்து, சட்டியில் படிகிற கரியைத்தான் மையாகக் குழைப்பது என்று அம்மாச்சி சொல்லுவார். மை கறுப்புத்தான், தோலுக்கு அடியில் போனதும் பச்சையாகத் தெரியும், அதனால்தான் அந்தப் பெயர்.

எண்பது வயதிலும் அந்தக் கோலம் தெரிந்தது. கோடு சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தடித்துப்போய்விட்டது, ஆனாலும் கோலம் என்று தெரிந்தது, ஏனென்றால் குத்தும்போதே பெரிதாக, விட்டு விட்டுக் குத்தியிருந்தார்கள். மேலே கடைக்காரத் தம்பி காலி இடம் என்று சொன்னதைப் படித்ததும் அம்மாச்சி கைதான் ஞாபகம் வந்தது.

பெயரைக் காலில் எழுதாதே கண்ணு. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிறோம், எழுத்தைக் காலிலேயே போட்டால் உன் அம்மா திட்டுவது ஒரு நாளோடு முடியாது. சாமி படம், ஓம், வேல், இதெல்லாமும் இடுப்புக்குக் கீழே வேண்டாம். 2015-இல் பெங்களூருவில் ஒரு வெளிநாட்டுப் பையன் காலில் எல்லம்மன் படம் போட்டிருந்தான் என்று ஓட்டலில் கூட்டம் கூடிப் பெரிய தகராறானது, பேப்பரிலெல்லாம் வந்தது. அந்த மிரட்டலை நான் நியாயம் என்று சொல்லவில்லை, பாவம் அவன் பக்தியோடு போட்டதாகத்தான் சொன்னான். ஆனால் உனக்கு எதற்கு அந்த வம்பு.

கட்டைவண்டி:

அப்படிப் பார்த்தால் கோலத்தை மட்டும் காலில் போடலாமா அத்தை? சின்ன வயதில் கோலத்தை மிதித்து முதுகில் வாங்கியவன் கேட்கிறேன்.

திண்டுக்கல்_அத்தை:

ஈரம் காய்வதற்குள் மிதித்திருப்பாய், அதற்கு அடி. சாயங்காலத்துக்குள் எல்லார் காலும் பட்டு அழிவதற்குத்தானே கோலம் போடுகிறோம். தரையில் இருக்கிற பொருள், கால் பக்கத்தில் இருந்தால் அதற்கு ஒன்றும் கோபம் வராது.

லத்திக்கனவு:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். மத்திய ஆயுதக் காவல் படை (சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். மாதிரி) வேலைக்குப் படிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். இடது முன்கையின் உட்புறம், புறங்கை, இந்த இடங்களில் மட்டும்தான் அனுமதி, அதுவும் அந்தப் பாகத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக. கணுக்கால் அந்தப் பட்டியலிலேயே இல்லை. என் நண்பன் ஓட்டத்தில் முதலாவதாக வந்து, மெடிக்கலில் ஒரு சின்ன நட்சத்திரத்தால் வெளியே வந்தான். லேசரில் எடுக்கலாம் என்று போனான், பல தடவை வரச் சொல்கிறார்கள், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் வாரக்கணக்கில் இடைவெளி. காலில் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் கையைவிட மெதுவாகத்தான் மறையுமாம். இன்னொன்று, ரத்த தானம் செய்கிறவர்கள் குத்திய பிறகு ஒரு வருஷம் கொடுக்க முடியாது.

மழைக்கால்மேகம்:

எல்லாருக்கும் நன்றி! அம்மா பெயர் ரத்து. இங்கே எழுதியதை அம்மாவிடமே படித்துக் காட்டினேன், கட்டைவண்டி அண்ணா எதிர்பார்த்த வீடியோவுக்கு வேலையே இல்லை, "என் பேரை உன் கால்ல எழுதுவியா" என்று ஒரே வரிதான், ஆனால் அன்றைக்கு ராத்திரி தோசை நான்தான் ஊற்றிக்கொண்டேன்.

அத்தை சொன்ன மூன்று புள்ளியில் ஒரு நாள் முழுக்க மனது நின்றது, ஆனால் அது அவர் அம்மாச்சியுடையது. கோலம்தான். பாட்டியிடம் போய் எதற்கு என்று சொல்லாமல், ஒரு தாளில் பேனாவால் போட்டுக்கொடு என்றேன். பேனாவில் அவருக்கு வரவில்லை, கை நடுங்கியது. மாவைக் கொடுத்ததும் வாசலில் ஒரே இழுப்பில் போட்டுவிட்டார், ஒரு பக்கம் சுழி கொஞ்சம் பெரிதாகவே வந்தது, படம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கோணலோடு அப்படியே வேண்டும். ஊசியும்மையும் அண்ணா, அப்படிக் கேட்டால் கடைக்காரர் சரி பண்ணிவிடுவாரா? அப்புறம், இந்த மாதமே போட்டுவிடலாமா?

ஊசியும்மையும்:

சரி பண்ணத்தான் பார்ப்பார், எங்களுக்குக் கை ஊறும். ஸ்டென்சிலை நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

இந்த மாதம் வேண்டவே வேண்டாம்மா. வேளச்சேரியில் இருந்துகொண்டு ஐப்பசி, கார்த்திகையில் காலில் ஊசி குத்தலாமா? மேலே ஆறவே இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை அது திறந்த காயம். தெருத் தண்ணீரில் சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் காயம் வழியாகச் சுலபமாக உள்ளே வரும். தை பிறக்கட்டும். அதுவரைக்கும் பாட்டியின் கோலத்தை மருதாணியில் அதே இடத்தில், அதே அளவில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய் வாருங்கள், அழிந்ததும் இன்னொரு தடவை போடுங்கள். அரைத்த மருதாணியாக இருக்கட்டும், கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கிற கோன் வேண்டாம், அதில் தலைமுடிச் சாயத்தில் போடுகிற கெமிக்கல் இருக்கும், கொப்புளம் வந்து தழும்பாகிவிட்டால் அதன் மேல் நான் எதையும் குத்த முடியாது.

சோடாக்கலர்:

மருதாணி போட்டதும் படம் போடு. நின்றுகொண்டு எடு.