ஆல்கலினிட்டி நிற்கவே மாட்டேன் என்கிறது: 60 லிட்டர் பவளத் தொட்டிக்கு உதவி தேவை

அலைவாசி, ஈசூன், சிங்கப்பூர்

வணக்கம். வீட்டுக் கூடத்தில் 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பாறை, மணல் போக நீர் மட்டும் 50 லிட்டர் அளவில் இருக்கும். ஒரு ஜோடி கோமாளி மீன்கள், சில நத்தைகள், ஸோவாந்திட் (பவளத்துக்கு உறவான மென்மையான உயிர்) கொத்துகள், இரண்டு தலை உள்ள ஒரு ஹேமர் என்னும் கல் பவளம். அவ்வளவுதான்.

ஆல்கலினிட்டி (பவளம் எலும்புக்கூடு கட்டத் தேவையான கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) 8 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) அளவில் இருக்க வேண்டும் என்று மருந்து ஊற்றுகிறேன். காலையில் 7.7 இருந்தால் மறுநாள் காலையில் 6.2. மறுபடி ஊற்றினால் மறுபடி அதே கதை. சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கரைசலையும் கால்சியம் குளோரைடு கரைசலையும் பின்பக்க அறையில், மோட்டார் இருக்கும் இடத்தில் ஊற்றுகிறேன். ஊற்றியதும் பால் கலந்ததுபோல் வெளுத்து, சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். கால்சியம் லிட்டருக்கு 440 மில்லிகிராம். உப்பளவு, ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் உப்பு பார்க்கும் கருவியில், ஆயிரத்துக்கு 35. வெப்பம் 27 டிகிரி. மின்விசிறி வைத்துத்தான் குளிரவைக்கிறேன். ஹேமரின் ஒரு தலை சுருங்கி, ஓரத்தில் வெள்ளை எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது. மருந்தின் அளவைக் கூட்டலாமா? அந்தப் பவளத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

கரையோரம், கோலாலம்பூர்

உங்கள் தொட்டி ஆல்கலினிட்டியை நன்றாகச் சாப்பிடுகிறது என்றுதான் தோன்றுகிறது. அளவை இரட்டிப்பாக்கி, காலை மாலை என்று பிரித்து ஊற்றிப் பாருங்கள். கடைகளில் ஆல்கலினிட்டியையும் பிஎச்சையும் ஏற்றும் பஃபர் பொடி கிடைக்கிறது, அதுவும் உதவும்.

கடற்சாமந்தி, ஜொகூர் பாரு

அலைவாசி, தயவுசெய்து அளவைக் கூட்டாதீர்கள். இன்றைக்கு இரண்டு கரைசல்களையுமே நிறுத்திவையுங்கள்.

கரையோரம் சொல்வதை நான் ஏன் மறுக்கிறேன் என்றால், இந்தத் தொட்டியில் சாப்பிட ஆளே இல்லை. ஸோவாந்திட் எலும்புக்கூடு கட்டுவதில்லை. அதற்கு ஆல்கலினிட்டி தேவை ஏறக்குறைய இல்லை. இரண்டு தலை ஹேமர் ஒன்று 50 லிட்டரில் நாளைக்கு 1.5 டிகேஎச் இழுக்காது. கிளைப் பவளங்கள் நெருக்கமாக நிறைந்த தொட்டியில்தான் அப்படிப்பட்ட இறக்கத்தைப் பார்க்கலாம். அப்படியானால் நீங்கள் ஊற்றுவது பவளத்துக்குப் போகவில்லை. தண்ணீரிலேயே கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாகத் திரண்டு எங்கோ படிகிறது. ஊற்றியவுடன் வெளுக்கிறதே, அதுதான் தொடக்கம்.

மூன்று விவரங்கள் வேண்டும். மக்னீசியம் எவ்வளவு? நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. ரிஃப்ராக்டோமீட்டரை எதை வைத்துச் சரிபார்த்தீர்கள்? மோட்டாரைக் கழற்றி உள்ளே இருக்கும் சுழலியைக் கையால் தொட்டுப் பார்த்தீர்களா? மருந்து விழும் அறையில் மணல் இருந்தால் அதையும் கிளறிப் பாருங்கள்.

அலைவாசி

நன்றி அக்கா. மோட்டாரைக் கழற்றிவிட்டேன். சுழலியின் காந்தத்தின்மேல் சாம்பல் வெள்ளையில் ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டினால் வரவில்லை, கத்தி முனையால் குத்தினால் சில்லுச் சில்லாக உதிர்கிறது. கொஞ்ச நாளாகவே மோட்டார் அரைப்பதுபோல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பின்னறையில் கிடந்த மணல் கட்டிதட்டி, அடை போல் முழுதாகக் கையோடு வந்தது.

ரிஃப்ராக்டோமீட்டரை எப்போதும் ஆர்ஓ நீர் (சவ்வு வடிகட்டியில் உப்பு நீக்கிய நீர்) விட்டுப் பூஜ்யத்துக்கு வைப்பேன். மக்னீசியம் பார்க்கும் கிட் இல்லை; நாளை வாங்கிவிடுகிறேன்.

கடற்சாமந்தி

போகும்போது 35 உப்பளவுக்கான சரிபார்ப்புத் திரவம் ஒரு புட்டியும் வாங்கிவாருங்கள். விலை அதிகமில்லை. ஆர்ஓ நீரில் பூஜ்யம் சரியாகக் காட்டும் கருவி 35இலும் சரியாகக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அந்தக் கருவிகளில் பல சாதாரண உப்புக் கரைசலுக்காகச் செய்யப்பட்டவை, கடல்நீரில் பிசகும். எந்த இடத்தில் அளக்கப்போகிறோமோ அந்த இடத்தில்தான் சரிபார்க்க வேண்டும்.

இதை முதலில் வலியுறுத்தக் காரணம் உண்டு. கால்சியம், மக்னீசியம், ஆல்கலினிட்டி ஆகிய மூன்றும் உப்போடு சேர்ந்தே வருகின்றன. உப்பளவு தவறாக இருந்தால் மற்ற மூன்று எண்களையும் எதனோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது.

முத்துக்குளி, தூத்துக்குடி

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். இந்தியாவில் கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் நான் மீனும் இறாலும் மட்டும் வளர்க்கிறேன். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஏசியிலிருந்து சொட்டும் நீரை விடலாமா? அதில் உப்பே இருக்காதே.

கடற்சாமந்தி

வேண்டாம். ஏசியின் குளிர்சுருள் பெரும்பாலும் செம்புக் குழாய். அந்த நீரில் செம்பு கலந்திருக்கலாம்; மீன் தாங்கிக்கொள்ளும் அளவுகூட இறாலைக் கொன்றுவிடும். ஆர்ஓ, டிஐ (மிச்சமிருக்கும் உப்பயனிகளையும் பிடிக்கும் பிசின் வடிகட்டி) இரண்டிலும் வடித்த நீரையே விடுங்கள். வீட்டில் குடிநீருக்கு வைத்திருக்கும் ஆர்ஓ இயந்திரமும் போதாது. சுவைக்காகக் கொஞ்சம் தாதுவை அதுவே திரும்பக் கலந்துவிடும்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் கவனிக்க: குழாய்நீரில் கிருமி நீக்கக் கலந்திருப்பது குளோராமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மம்). வாளியில் ஓர் இரவு திறந்துவைத்தால் போய்விடாது. வடிகட்டியில் நல்ல கார்பன் இருக்க வேண்டும்.

அலைவாசி

கிட்டும் திரவமும் வாங்கி அளந்துவிட்டேன். 35 என்று எழுதியிருக்கும் திரவம் என் கருவியில் 39 காட்டுகிறது! திருகாணியைத் திருப்பி 35க்குக் கொண்டுவந்து தொட்டி நீரை விட்டுப் பார்த்தால் 31. மக்னீசியம் 1080. மருந்து நிறுத்திய பிறகும் ஆல்கலினிட்டி 6.0 வரை இறங்கி, அங்கேயே மெல்ல நகர்கிறது. இப்போது எதிலிருந்து தொடங்குவது?

கடற்சாமந்தி

எல்லாம் பொருந்தி வருகிறது. இயற்கைக் கடல்நீரில், உப்பளவு 35இல், கால்சியம் 410க்குச் சற்று மேலே, மக்னீசியம் 1290 அளவில், ஆல்கலினிட்டி 7 டிகேஎச்சை ஒட்டி இருக்கும். உங்கள் உப்பளவான 31க்குக் கணக்கிட்டால் கால்சியம் 365, மக்னீசியம் 1140 இருக்க வேண்டும். உங்களிடம் கால்சியம் 440, மக்னீசியம் 1080. அதாவது 440 என்பது பார்வைக்கு நல்ல எண். உங்கள் நீருக்கோ அது மிகை. மக்னீசியமோ இந்த உப்பளவுக்கு இருக்க வேண்டியதைவிடவும் குறைவு.

மக்னீசியம் செய்யும் வேலை இது: கால்சியம் கார்பனேட்டின் துகள் உருவாகும்போது மக்னீசியம் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலும் வளரவிடாமல் தடுக்கிறது. கடல்நீர் தன் கொள்ளளவுக்கு மேல் கால்சியத்தையும் கார்பனேட்டையும் கரைத்து வைத்திருக்க முடிவதே பெருமளவு இதனால்தான். மக்னீசியம் குறைந்தால் அந்தத் தடை தளர்கிறது. அதன்மேல் சோடா ஆஷ் விழுகிறது. விழும் இடத்தில் பிஎச் சட்டென்று ஏறுகிறது. பக்கத்தில் கால்சியம் குளோரைடு. நடுவில் சூடான மோட்டார். சுண்ணாம்பு படிய இதைவிட வசதியான இடம் வேறு வேண்டுமா? நீங்கள் வளர்த்தது மோட்டார் மேலிருந்த பொருக்கைத்தான். பவளத்துக்கு மிஞ்சியது தினமும் ஏறி இறங்கும் ஆல்கலினிட்டி. ஹேமர் 7இல் வாழும், 9இலும் வாழும். ஒவ்வொரு நாளும் ஒன்றரை டிகேஎச் ஊசலாடினால் தாங்காது.

இனி செய்ய வேண்டியது. உப்பளவை ஒரே நாளில் ஏற்றாதீர்கள், நத்தைகள் செத்துவிடும். நாளைக்கு 1 புள்ளிக்கு மேல் வேண்டாம். மின்விசிறியால் தினமும் எவ்வளவு நீர் ஆவியாகிறது?

அலைவாசி

ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்.

கடற்சாமந்தி

நல்லதாயிற்று. வழக்கமாக ஈடு செய்யும் ஆர்ஓ நீருக்குப் பதிலாக, நான்கு நாள் மட்டும், 35 உப்பளவில் கலக்கிய கடல்நீரை ஊற்றுங்கள். ஒன்றரை லிட்டரில் 52 கிராம் உப்பு போகும். 50 லிட்டருக்கு நாளைக்கு 1 புள்ளி ஏறும். தினமும் அளந்துவிட்டு ஊற்றுங்கள். 35 வந்ததும் பழையபடி ஆர்ஓ நீருக்குத் திரும்பிவிட வேண்டும். இதிலேயே மக்னீசியமும் 1220, 1230 வரை தானாக வந்துவிடும். மிச்சத்தை வாரம் 10 சதவீத நீர் மாற்றம் பார்த்துக்கொள்ளும். அவசரப்பட்டு மக்னீசியம் குளோரைடு வாங்க வேண்டாம்.

மோட்டாரை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து அதில் ஊறப்போடுங்கள். நுரைத்துக்கொண்டு கரையும். கட்டிதட்டிய மணலை எடுத்துவிடுங்கள். படிந்த துகளின்மேல் புதிய சுண்ணாம்பு எளிதில் படியும்.

கரையோரம்

அப்படியானால் பிஎச்? அவருக்கு 7.8தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஏசி போட்டுச் சாத்திய வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. அதற்காகத்தான் பஃபர் பொடி சொன்னேன்.

கடற்சாமந்தி

சாத்திய அறையில் மனிதர் விடும் கரியமில வாயு நீரில் கலப்பதால் பிஎச் இறங்குகிறது. அதற்கு மருந்து சன்னலைத் திறப்பதுதான். பொடி போட்டால் ஆல்கலினிட்டி எகிறும்; கரியமில வாயு இருக்கிறவரை பிஎச் மறுபடி இறங்கும். 7.8இல் நன்றாக வளரும் பவளங்களை எத்தனையோ தொட்டிகளில் பார்த்திருக்கிறேன். பிஎச்சைத் துரத்த வேண்டாம்.

அலைவாசி

உப்பளவு 35இல் நிற்கிறது. மக்னீசியம் 1230, கால்சியம் 470, ஆல்கலினிட்டி 6.8. மருந்து எதுவும் ஊற்றாமல், தினமும் இரவு விளக்கு அணைவதற்கு முன் ஒரே நேரத்தில் அளந்து பார்த்தேன். நாளைக்கு 0.2தான் இறங்குகிறது. ஹேமரின் சுருங்கிய தலை இன்னும் முழுதாக விரியவில்லை. ஆனால் எலும்பு தெரிந்த ஓரம் அதற்குமேல் பரவவில்லை. மோட்டார் சத்தமும் இல்லை. இனி எதை, எவ்வளவு ஊற்றுவது?

கடற்சாமந்தி

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. 0.2தான் உங்கள் தொட்டியின் உண்மையான பசி. இந்தச் சிறு தேவைக்குச் சோடா ஆஷ் வேண்டாம், சமையல் சோடா போதும். பேக்கிங் பவுடர் அல்ல. சோடியம் பைகார்பனேட் மட்டும் உள்ளது. 50 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 1.5 கிராம் வேண்டும். எனவே நாளைக்கு 0.3 கிராம். அவ்வளவு சிறிய எடையை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. 30 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, நாளைக்கு 10 மில்லி ஊற்றுங்கள். மோட்டார் அறையில் அல்ல, நீரோட்டம் வேகமாக இருக்கும் முன்பக்கத்தில். 6.8இலிருந்து 8க்கு ஏற்ற வேண்டும் என்றால் ஒரு வாரம் 20 மில்லி ஊற்றிவிட்டுப் பிறகு 10க்கு வாருங்கள், ஒரேயடியாக வேண்டாம்.

கால்சியத்தைத் தொடவே வேண்டாம். 1 டிகேஎச் செலவாகும்போது கால்சியம் 7 அளவில்தான் குறையும். உங்களுக்கு நாளைக்கு ஒன்றரைகூட வராது. கையிருப்பு 470 இருக்கிறது, நீர் மாற்றத்திலும் கொஞ்சம் வந்து சேரும். அந்தப் புட்டியை மூடி உள்ளே வையுங்கள். ஹேமர் நாலைந்து தலை விட்ட பிறகு எடுத்தால் போதும்.